சல்லிசுக்காரர் ஏரிக்கரையில் கூடாரம் போட்டது

கொரட்டூர் ஏரிக்கு வந்திறங்கும் பறவைகளைப் பெயர் சொல்லி எண்ணிக்கொண்டு போக எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வருகிறார்கள். கழுத்தில் பைனாகுலரை மாட்டிக்கொண்டு, காலை வெயிலில் மணிக்கணக்காக நிற்கிறார்கள். நல்ல காரியம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதே ஏரிக்கரையில், அதே ரயில் பாதையின் இரண்டு பக்கமும், பாடியிலிருந்து ஆவடி வரைக்கும், வருஷம் பூராவும் எங்கேயும் பறந்து போகாமல் குடும்பம் குட்டியோடு பெருகிக் கிடக்கிற ஓர் இனத்தை இதுவரை யாராவது எண்ணியிருக்கிறார்களா? கிடையாது. அந்த இனத்துக்கு நான் வைத்திருக்கும் பெயர் சல்லிசுக்காரர்.

அவரை அடையாளம் காண பைனாகுலர் வேண்டாம். நீங்கள் புதிதாக ஒரு பொருள் வாங்கிக்கொண்டு தெருவில் நடந்தால் போதும், அவரே உங்களைத் தேடி வந்துவிடுவார். பொருளைக் கையில் வாங்குவார், திருப்பிப் பார்ப்பார், அடியில் தட்டிப் பார்ப்பார், பிறகு ரொம்பச் சாதாரணமாக, "இன்னா வெலை?" என்பார். நீங்கள் எதையும் சொல்லலாம். பாதி விலை சொன்னாலும் சரி, இனாமாக வந்தது என்றாலும் சரி. அவர் நாக்கால் 'ச்சு' கொட்டி, துக்கம் விசாரிக்கிற முகத்தோடு உங்களைப் பார்த்து, "ஏமாந்துட்டியே மச்சான்! என்னாண்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? நம்மாளு ஒருத்தன் கீறானே!" என்பார்.

அந்த நம்மாளை நீங்கள் பார்த்ததில்லை. ஆனால் அவன் எல்லா இடத்திலும் இருக்கிறான். செங்கல் சூளையில் இருக்கிறான், மூக்குக் கண்ணாடிக் கடையில் இருக்கிறான், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும் ஒருவன் இருப்பதாகப் பேச்சு.

ஒன்றை மட்டும் தெளிவுபடுத்திவிட வேண்டும். சல்லிசுக்காரர் கஞ்சர் அல்ல. கஞ்சர் செலவு செய்யவே மாட்டார், அவரோடு குடித்தனம் பண்ணிவிடலாம். சல்லிசுக்காரரோ செலவு செய்தே தீருவார், ஆனால் கடைக்குப் போய் வாங்குவதைத் தோல்வி என்று நினைப்பார். கள்ளிக்குப்பம் ஜெயபாலை எடுத்துக்கொள்ளுங்களேன். மூடிப்போன டூரிங் கொட்டகையிலிருந்து சல்லிசாக ஒரு மின்விசிறி கொண்டுவந்து மாட்டினார். அதைச் சுழல விட்டால் தட்டில் இருக்கிற சோறு பக்கத்துத் தட்டுக்குப் போகும். குடை செய்கிற இடத்தில் மிஞ்சிய துணியைப் பீஸ் பீஸாக வாங்கிவந்து சட்டை தைத்துக்கொண்டார். மழையில் நனையாது, வாஸ்தவம். வெயிலில் வேர்வையும் வெளியே வராது. பாடி தொழிற்சாலையில் முதல் ஷிப்டு முடிந்து அவர் சட்டையைக் கழற்றிப் பிழிகிறபோது, கூட வேலை பார்க்கிற சத்தியராஜ் பக்தியோடு பார்த்துக்கொண்டு நிற்பான். ஆமாம், ஒவ்வொரு சல்லிசுக்காரருக்கும் ஒரு சீடன் உண்டு.

மனைவியும் உண்டு என்பதுதான் இந்தக் கதையின் சோகம். செலின் தையல் மிஷின் வைத்திருந்தாள். ஜாக்கெட் தைத்துத் தருவதற்கு அவளிடம்தான் தெருவே வரும். அந்தக் குடைத்துணிச் சட்டையைத் தைத்தவளும் அவள்தான், பாவம். கல்யாணமான நாளிலிருந்து அவள் கர்த்தரிடம் கேட்டதெல்லாம் ஒன்றே ஒன்று: இந்தக் கள்ளிக்குப்பத்து வீடு கையை விட்டுப் போகக் கூடாது. வீடு ஒன்றும் மாளிகை அல்ல. ஓர் அறை, ஒரு கூடம், சமையற்கட்டு, அவ்வளவுதான். ஆனால் கொல்லையில் ஒரு அடிபம்பு. அதில் வருகிற தண்ணீரில் பருப்பு வேகும்! மெட்ராஸில் குடியிருக்கிறவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. தண்ணீர் லாரிக்குப் பின்னால் குடத்தோடு ஓடி, வரிசையில் நின்று, சண்டை போட்டு, தலைமுடி பிடித்து வாழ்ந்த காலம் எல்லாம் போதும் என்று அவள் அந்தப் பம்பைக் கட்டிக்கொண்டு கிடந்தாள்.

வீட்டுக்காரர் பரந்தாமன் மாடியில் குடியிருந்தார். அவருக்கு வேறு யோசனை. கீழ்ப்போர்ஷனை ஒரு பேங்க் உத்தியோகஸ்தருக்கு விட்டால் வாடகையை நன்றாக ஏற்றலாம் என்று யாரோ அவர் காதில் போட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து மாதாமாதம் கீழே இறங்கிவருவார். தங்கச்சி மகனுக்குக் கல்யாணம், வீடு வேண்டும் என்பார். தங்கச்சியே இல்லையே என்று யாராவது சொன்னால், சித்தப்பா மகள் என்பார். ஜெயபால் சிரித்துக்கொண்டே, "ஆவட்டும் சார், பாத்துகினே கீறேன், தோதா ஒன்னியும் அமையல" என்பார். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் செலினுக்குப் புருஷன்மேல் அசைக்க முடியாத நம்பிக்கை இருந்தது. இந்த மனிதரை யாராலும் எந்த இடத்திலிருந்தும் கிளப்ப முடியாது என்று அவள் நம்பினாள்.

இந்த நிலைமையில்தான் தொழிற்சாலையில் எல்லோரும் சேர்ந்து டூரிஸ்ட் பஸ் பிடித்துக் கொடைக்கானல் போய் வந்தார்கள். போட்டோ எடுத்துக்கொண்டு வந்து காட்டினார்கள். பிள்ளைகள் இரண்டும் போட்டோவைப் பார்த்துவிட்டு அப்பா முகத்தைப் பார்த்தன. செலினும் பார்த்தாள். தெரியாமல் பார்த்துவிட்டாள். அவளுக்கு எங்கேயாவது தண்ணீர் ஓரமாக, சாமான் கழுவாமல், ஒரு நாள் பூரா சும்மா உட்கார வேண்டும் என்று ஆசை இருந்தது.

ஜெயபால் போட்டோவைக் கையில் வாங்கி, திருப்பிப் பார்த்து, "பஸ்ஸுக்கு எத்தினி குடுத்தானுங்க?" என்று கேட்டார். சத்தியராஜ் சொன்னான். 'ச்சு' என்ற சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது.

"பஸ்ஸு, ஓட்டலு, ரூமு... ஏமாந்த பசங்க! ஃபாரின்காரன் இன்னா பண்றான் தெரியுமா? சொந்தமா வண்டிய வெச்சிகினு போறான், ஏரிக்கரையாண்ட கூடாரம் போடறான், சோறாக்கித் துன்னுட்டு அங்கியே படுத்துக்கறான். அதுக்குப் பேரு கேம்ப்பு. பூண்டி ஏரி கீது. தண்ணி கீது. காத்து கீது. எதுக்காச்சும் வெலை உண்டா?"

"கூடாரம்?" என்றாள் செலின்.

"ஷாமியானாக் கடையில நம்மாளு கீறான்."

"வண்டி?"

ஜெயபால் புன்னகை செய்தார். அந்தப் புன்னகையைப் பார்த்ததும் செலின் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

இங்கே நீங்கள் சல்லிசுக்காரரின் ஞானத்தை மெச்ச வேண்டும். அவர் தேர்ந்தெடுத்த மாதம் ஆடி. ஆடியில் கல்யாணம் இல்லை, ஆகவே ஷாமியானா சும்மா கிடக்கும். ஆடியில் யாரும் வீடு மாற்ற மாட்டார்கள், ஆகவே சரக்கு வண்டிகள் சும்மா கிடக்கும். துணிக்கடைக்காரன் ஆடித் தள்ளுபடி கொடுப்பதற்கு முன்னாலேயே சல்லிசுக்காரர் அதைக் கண்டுபிடித்துவிட்டார் என்று சொல்லலாம். அப்படித்தான் அவர் துலுக்கானத்தைப் போய்ப் பிடித்தார்.

துலுக்கானம் வைத்திருந்தது ஒரு டெம்போ. பூந்தமல்லிப் பக்கத்துச் செக்கிலிருந்து ஆவடியில் இருக்கிற மாட்டுக்கொட்டகைகளுக்குப் புண்ணாக்கு ஏற்றுகிற வண்டி. வாடகை பேசப் போன இடத்தில் கூடவே சத்தியராஜும் நின்றான்.

"டீசலு போட்டுக்கோ அண்ணாத்தே, மேல இஷ்டப்பட்டத குடு. ஆடியில வண்டி சொம்மாதான் நிக்கிது" என்றான் துலுக்கானம். "ஆனா ஒண்ணு. சரக்கு வண்டியில ஆளுங்கள ஏத்துனா போலீஸ்காரன் புடிச்சி ஓரம் கட்டிடுவான். கண்ணாலத்துக்குக் கேட்டாங்க, மாட்டேன்னுட்டேன். காதுகுத்துக்குக் கேட்டாங்க, மாட்டேன்னுட்டேன்."

"எதுக்குமே வுட மாட்டானா?" என்று கேட்டார் ஜெயபால்.

"ஊடு மாத்தறதுக்கு மட்டும் வுடுவான். சாமானோட ஊட்டு ஆளுங்க நாலு பேரு குந்திகினு போவாங்க இல்ல? அத்த ஒன்னியும் கேக்க மாட்டான்."

இந்த இடத்தில் சாதாரண மனிதனாக இருந்தால், சரி, பஸ்ஸிலேயே போய்விடலாம் என்று திரும்பியிருப்பான். நீங்கள் திரும்பியிருப்பீர்கள். நானும் திரும்பியிருப்பேன். சல்லிசுக்காரருக்கு முகம் பிரகாசமாகிவிட்டது!

"அவ்ளோதானா? அப்போ ஊட்டயே ஏத்திக்கலாம்!"

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்து திரும்பிய செலின், வாசலில் டெம்போ நிற்பதையும், அதற்குள் தன் பீரோ ஏறிக்கொண்டிருப்பதையும் பார்த்தாள். பீரோவுக்குப் பின்னால் இரும்புக் கட்டில். கட்டிலுக்குப் பின்னால் ஆட்டுக்கல். ஜெயபால் வாசலில் நின்று, கை நீட்டி, கப்பலுக்குச் சரக்கு ஏற்றுகிற தோரணையில் உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏங்க, இன்னாங்க இது? கேம்ப்புக்கு ஆட்டுக்கல்லு எதுக்குங்க?"

"மெதுவாப் பேசு. பீரோவும் கட்டிலும் மட்டும் கீதுன்னா போலீஸ்காரன் சந்தேகப்படுவான். ஆட்டுக்கல்லப் பாத்தான்னா நம்பிடுவான். ஆட்டுக்கல்ல எவனாச்சும் சொம்மா தூக்கிகினு போவானா?"

நியாயமான கேள்விதான். தையல் மிஷின் போயிற்று. அம்மிக்கல் போயிற்று. கண்ணாடி, கொடிக்கயிறு, குடம், முறம் எல்லாம் போயின. கடைசியாக ஜெயபால் சுவரில் மாட்டியிருந்த திருக்குடும்பப் படத்தைக் கழற்றினார். செலின் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டாள்.

"சாமி படத்த வுடுங்க!"

"படம் இல்லாம எவன் ஊடு மாத்துவான்? போலீஸ்காரன் இன்னா முட்டாளா?" என்று சொல்லி, படத்தை வண்டியின் முகப்பில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி கட்டி, அதற்குப் பக்கத்தில் துடைப்பத்தையும் நிமிர்த்திக் கட்டினார். சத்தியராஜின் பீரோவுக்கு வண்டியில் இடமில்லை. தலைவர் தம் குடித்தனத்தையே தியாகம் செய்திருக்கிறார் என்று அவன் கண் கலங்கிப் போய், மனைவி சாராளையும் ஒரு குக்கரையும் மட்டும் கொண்டுவந்திருந்தான்.

பிறகு ஒத்திகை. "யாரு கேட்டாலும் இன்னா சொல்லணும்?" என்று ஜெயபால் கேட்க, பிள்ளைகள் இரண்டும் சத்தியராஜும் சாராளும் ஒரே குரலில், "ஊடு மாத்தறோம்!" என்று சொல்ல, "சத்தமா!" என்று ஜெயபால் சொல்ல, "ஊடு மாத்தறோம்!" என்று தெருவே அதிர்ந்தது.

தெரு அதிர்ந்தால் தெருவில் இருக்கிறவர்கள் வர மாட்டார்களா? எதிர்வீட்டு வேம்புலியம்மாள் ஈரக்கையோடு ஓடி வந்தாள். செலினைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "ஆடி மாசத்துல போறியேடி கண்ணு! என்னாண்ட ஒரு வார்த்த சொல்லலியேடி!" என்று குரலெடுத்து அழுதாள். செலின் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தாள். ஜெயபால் பின்னாலிருந்து தோளைக் கிள்ளினார். விஷயம் வெளியே போனால் நாலு காது கடந்து போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்விடும் என்பது அவர் எண்ணம். வேம்புலியம்மாள் உள்ளே ஓடி, ஒரு பொட்டலம் வடகமும் ஒரு எவர்சில்வர் தூக்கும் கொண்டுவந்து ஞாபகத்துக்கு வைத்துக்கொள் என்று கொடுத்தாள். ஜெயபால் அதை வாங்கி, அடியில் தட்டிப் பார்த்து, உள்ளே வைத்தார்.

செலினை வண்டிக்குள் ஏற்றி, பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவில் உட்கார வைத்தார்கள். அங்கிருந்து அவளுக்கு வெளியே ஒன்றும் தெரியாது. புண்ணாக்கு வாசனை மட்டும் தெரியும். ஆகவே மாடியிலிருந்து பரந்தாமன் இறங்கி வந்ததையும், வந்தவர் மடித்துக் கட்டிய வேட்டியோடு மேசையின் ஒரு பக்கத்தைத் தாமே தூக்கி ஏற்றிவிட்டதையும், அதற்குப் பிறகு ஜெயபாலைத் தனியாக அழைத்துப் போனதையும் அவள் பார்க்கவில்லை. திரும்பி வந்த ஜெயபால் ரொம்ப உற்சாகமாக இருந்தார். "போலாம் ரைட்!" என்று வண்டியின் பக்கத்தில் தட்டினார்.

பட்டாபிராம் தாண்டி ஒரு போலீஸ்காரர் கை காட்டினார். வயசான மனிதர். திருக்குடும்பத்தைப் பார்த்தார், துடைப்பத்தைப் பார்த்தார், பின்பக்கம் வந்து உள்ளே எட்டிப் பார்த்தார். அவர் எதுவும் கேட்பதற்கு முன்னாலேயே உள்ளேயிருந்து, "ஊடு மாத்தறோம்!" என்று கோஷம் எழுந்தது.

"ஆடி மாசத்துல எவன்யா ஊடு மாத்துவான்?" என்றார் போலீஸ்காரர்.

ஜெயபால் இதை எதிர்பார்க்கவில்லை. சட்டென்று கழுத்தில் கிடந்த சிலுவையை வெளியே எடுத்துக் காட்டினார். "நாங்க வேதக்காரங்க சார். எங்களுக்கு ஆடி, கீடி ஒன்னியும் இல்ல."

"அதுவும் சரிதான்" என்று ஒப்புக்கொண்ட போலீஸ்காரர், ஆட்டுக்கல்லைத் தட்டிப் பார்த்து, "போற ஊட்லயாச்சும் தண்ணி நல்லா கீதான்னு பாத்தியா?" என்று அக்கறையாக விசாரித்து அனுப்பி வைத்தார். செலினுக்கு ஏனோ அந்தக் கேள்வி பிடிக்கவில்லை.

பூண்டி ஏரிக்கரையில் கூடாரம் எழும்பிய அழகைச் சொல்ல வேண்டும். நம்மாள் கொடுத்தனுப்பிய ஷாமியானா, துக்க வீட்டுக்கென்றே வைத்திருந்த வெள்ளைத் துணி. வழியாகப் போன ஊர்க்காரர்கள் இரண்டு பேர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அருகே வந்து, தணிந்த குரலில், "எப்போ ஆச்சு?" என்று கேட்டார்கள். சத்தியராஜ் பழக்க தோஷத்தில், "ஊடு மாத்தறோம்" என்றான். அவர்கள் மேலே வானத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்கள். சாமானை எல்லாம் இறக்கினால்தான் உட்கார இடம் வரும் என்பதால், பீரோ, கட்டில், தையல் மிஷின் எல்லாம் ஏரிக்கரையில் வரிசையாக நின்றன. இறக்குவதில் பொழுது சாய்ந்துவிட்டது. தண்ணீர் ஓரமாகச் சும்மா உட்காரலாம் என்று வந்த செலின், அந்தத் தண்ணீரிலேயே சாமான் கழுவினாள்.

அப்போதுதான் எருமைகள் வந்தன. மேய்ச்சல் முடிந்து வீடு திரும்பும் எருமைகள், காற்றில் புண்ணாக்கு வாசனை வந்ததும் அப்படியே திரும்பி மந்தையாகக் கூடாரத்துக்குள் நுழைந்தன. நம் ஆட்கள் விரித்திருந்தது புண்ணாக்குச் சாக்கு. ஒரு எருமை சாக்கைத் தின்றது. ஒன்று கட்டிலின் மேல் முன்னங்காலை வைத்துக்கொண்டு பீரோக் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தது. இன்னொன்று ஜெயபாலிடம் வந்து, அவர் சட்டையை வாயில் கவ்வி இழுத்தது. குடைத்துணி கிழியுமா? கிழியவில்லை. பை மட்டும் பிய்ந்தது. அதற்குள்ளிருந்து ஒரு கத்தை நோட்டு ஏரிக்கரை மண்ணில் விழுந்தது.

செலின் கரண்டியோடு நின்றுவிட்டாள். "ஏதுங்க இம்மாம் துட்டு?"

ஜெயபால் எருமையை மறந்து, நோட்டைப் பொறுக்கிக்கொண்டே பெருமையாகச் சொன்னார். "சொல்லாம இருக்கலாம்னு பாத்தேன். கெளம்பும்போது நம்ம ஊட்டுக்காரரு தானா வந்து குடுத்தாரு. அட்வான்ஸு."

"நம்ம ஊட்டு அட்வான்ஸா?"

"ஆமா. வேணாம்னு சொன்னா சந்தேகப்படுவாரு இல்ல? கையில குடுக்கற துட்ட எவனாச்சும் வேணாம்னு சொல்வானா? டூரு செலவுக்கு ஆச்சு, அப்பால போய்க் குடுத்துக்கலாம்."

செலின் கரண்டியைக் கீழே போட்டாள். கல்யாணமான நாளிலிருந்து 'ஏங்க' என்று மட்டுமே கூப்பிட்டுப் பழகிய வாய், அன்றைக்கு முதன்முதலாக வேறு மாதிரி திறந்தது.

"யோவ்! சாமானையும் ஏத்திகினு, தெருவே கேக்கற மாதிரி ஊடு மாத்தறோம்னு கத்திட்டு, அட்வான்ஸையும் கையில வாங்கிகினா அதுக்குப் பேரு இன்னாயா? காலி பண்றதுயா! அந்த ஆளு வக்கீலு வெச்சிருந்தாக் கூட இப்டி நடந்திருக்காதே! என் பம்பு போச்சே!"

உடனே கிளம்ப வேண்டும் என்றாள். துலுக்கானம் முடியாது என்றான். வண்டிக்கு ஒரு கண்தான் எரியும், இருட்டினால் ஓட்ட மாட்டானாம். அதனால்தான் வாடகை சல்லிசு. ஏரிக்கரையில், துக்க வீட்டு ஷாமியானாவுக்குக் கீழே, தன் சொந்தக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு செலின் விடிகிற வரை அழுதாள். ஜெயபால் ஒன்றிரண்டு தடவை பக்கத்தில் வந்து, காற்றைப் பற்றி ஏதோ சொன்னார்.

காலையில் மறுபடி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு திரும்பினார்கள். பட்டாபிராமில் அதே போலீஸ்காரர். வண்டியை நிறுத்தி, திருக்குடும்பத்தை அடையாளம் கண்டுகொண்டு, "நேத்துதானேய்யா போனீங்க? இன்னாச்சு?" என்றார்.

எல்லோரும் ஒத்திகை மறந்து விழித்தார்கள். செலின்தான் பீரோவுக்குப் பின்னாலிருந்து, "அங்க எருமைத் தொல்லை சார்!" என்று சொன்னாள். அதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. போலீஸ்காரர் "ஆடி மாசம்னு சொன்னேன், கேட்டீங்களா?" என்று வருத்தப்பட்டுக்கொண்டு வழி விட்டார்.

கள்ளிக்குப்பத்தில் வீட்டு வாசலில் சுண்ணாம்பு வாளி நின்றது. உள்ளே வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். கேட்டில் 'வீடு வாடகைக்கு' என்று அட்டை தொங்கியது. பரந்தாமன் கொல்லைப் பக்கத்தில் நின்று அடிபம்புக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். ஜெயபால் வண்டியிலிருந்து குதித்து, சிரித்த முகத்தோடு போய், டூர் கதையை ஆரம்பத்திலிருந்து சொன்னார். போலீஸ்காரரை ஏமாற்றிய இடத்தில் பரந்தாமனும் சிரிப்பார் என்று எதிர்பார்த்திருப்பார் போல. பரந்தாமன் சிரிக்கவில்லை. எண்ணெய்க் கிண்ணத்தோடு வாசலுக்கு வந்தார்.

"அட்வான்ஸ எண்ணிப் பாத்து வாங்கினியா இல்லியா?"

"வாங்கினேன் சார், ஆனா..."

"சாவியக் குடுத்தியா இல்லியா?"

சாவியை வேறு கொடுத்திருக்கிறார் மனிதர்! "செடிக்குத் தண்ணி ஊத்துவாருன்னு குடுத்தேன்" என்று செலினைப் பார்த்து முனகினார்.

"அவ்ளோதான். இந்த ஜென்மத்துல ஜெயபாலுக்கு என் ஊடு கிடையாது" என்றார் பரந்தாமன்.

ஜெயபால் செலினிடம் திரும்பி, "கவலைப்படாத. திருமுல்லைவாயல்ல நம்மாளு ஒருத்தன்..." என்று ஆரம்பித்தார். செலின் அவர் கையிலிருந்த அட்வான்ஸ் கட்டைப் பிடுங்கிக்கொண்டாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பரந்தாமன் முன்னால் போய் நின்றாள்.

"சார், ஆடி இப்பத்தான் பொறந்திருக்கு. ஆவணி வரிக்கும் உங்க ஊட்டுக்கு எவன் வருவான்? பேங்குக்காரரு வருவாரா?"

பரந்தாமன் எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார். அந்தக் கணக்கை அவர் போட்டுப் பார்த்திருக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"ஆடியில பாலு காய்ச்சறதுன்னா எங்கள மாரி வேதக்காரங்கதான் காய்ச்சணும். பழைய வாடகைக்கு மேல கொஞ்சம் ஏத்திக்கோங்க, என் தையல் துட்டுல நான் குடுக்கறேன். அட்வான்ஸு தோ. ரசீது என் பேர்ல போடுங்க."

பரந்தாமன் தாடையைத் தடவினார். நோட்டுக் கட்டைப் பார்த்தார். காலியான சுவரைப் பார்த்தார். தெருவில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த வேம்புலியம்மாளைப் பார்த்தார்.

"அந்தாளுக்குக் கிடையாதுன்னு சொல்லிட்டேன். சொன்னது சொன்னதுதான்."

"அந்தாளுக்கு யாரு கேட்டாங்க? எனக்குக் கேக்கறேன்."

"அப்போ குடித்தனத்துக்கு எத்தினி பேரு?"

"நானு, என் பசங்க ரெண்டு பேரு."

பரந்தாமன் விரலை நீட்டி, வெயில் தாங்காமல் வண்டியில் மறுபடி ஏறி, ஆட்டுக்கல்லுக்கும் அம்மிக்கும் நடுவில் வேர்த்துப்போய் உட்கார்ந்திருந்த ஜெயபாலைக் காட்டினார். "அவரு?"

செலின் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அது சாமான் சார். கூட வந்தது."

எல்லாவற்றையும் இறக்கினார்கள். பீரோவை இறக்கினார்கள், கட்டிலை இறக்கினார்கள், படத்தை மறுபடி மாட்டினார்கள். செலின் புதுச் சுண்ணாம்பு வாசனைக்கு நடுவில், தன் பழைய அடுப்பில் பால் காய்ச்சி, முதல் டம்ளரைப் பரந்தாமனுக்குக் கொடுத்தாள். ஜெயபாலைக் கடைசியில்தான் உள்ளே விட்டார்கள். வாசலில் காத்துக்கொண்டிருந்த நேரத்தில் அவர் சத்தியராஜிடம் தணிந்த குரலில் ஏதோ விளக்கிக்கொண்டிருந்ததை நானே என் காதால் கேட்டேன்.

"பிளான்ல ஒரு தப்பும் இல்ல மச்சான். அந்த அட்வான்ஸ மட்டும் வாங்காம இருந்திருந்தா சோக்கா முடிஞ்சிருக்கும்."

இதைப் படித்ததும் உங்கள் தலை லேசாக ஆடியதே, கவனித்தீர்களா? 'வாஸ்தவம்தானே, அட்வான்ஸை மட்டும் வாங்காமல் இருந்திருந்தால்...' என்று மனசுக்குள் ஒரு குரல் சொல்லியிருக்கும். போதாதென்று, துலுக்கானத்தின் வண்டி இப்போதும் ஓடுகிறதா, டீசலுக்கு மேல் எவ்வளவு கேட்பான் என்று விசாரிக்கவும் தோன்றியிருக்கும். அப்படியென்றால் எனக்குக் கடிதம் போடாதீர்கள். உங்கள் வீட்டு ரசீது யார் பேரில் இருக்கிறது என்று முதலில் போய்ப் பாருங்கள்.